அழுக்கு ஸ்பான்ஜுக்கு முதல் மரியாதை

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மீன் வளர்ப்பவனுக்கு இந்த உலகத்தில் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய சந்தோஷம், மொட்டைமாடியில் பழைய ஃபிரிட்ஜ் பெட்டியில் வளர்ந்த மீனைத் தோட்டத்துக் குளத்தில் இறக்கிவிடுவதுதான். புது கப்பி ஜோடி வாங்குவது, தாமரையில் முதல் மொட்டைப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டடிக்கு ஒருமுறை சுவரில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்த காமெட் கோல்டு ஃபிஷ், பத்தடி நீளத்துக்கு நேராக ஒரு ஓட்டம் ஓடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அதன் வால் முழுசாக விரிந்தால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்னையில் மீன் பைத்தியம் பிடித்தவர்களின் மாடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். காயலான் கடையில் வாங்கிய ஃபிரிட்ஜை மல்லாக்கப் போட்டு, கதவைக் கழற்றி, தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் பஞ்சு வெயிலை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் டப்பில் இருக்கும் மீன் வாயைப் பிளக்கும்போது ஃபிரிட்ஜ் பெட்டி மீன் நிம்மதியாகத் திரியும். அதோடு நாலைந்து தெர்மாகோல் பெட்டி, ஒரு கிணற்று உறை, மூலையில் ஏர் மோட்டார். அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடியும் இப்படித்தான் இருந்தது. துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில்தான் தோட்டத்துக் குளத்துக்கு அனுமதி கிடைத்தது.

பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். சுமார் 4,000 லிட்டர் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் நீரில் அமிழ்ந்த மாதிரி ஓரடி ஆழத்தில் திண்ணை விடச் சொன்னேன். மேஸ்திரிக்குப் புரியவில்லை.

"எதுக்கு சார் படி? பசங்க எறங்கவா?"

"இல்ல மேஸ்திரி, வல்லாரை எறங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொல்லறுவை எடுத்தார். மற்ற மூன்று பக்கமும் சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சரிவாக இருந்தால் கொக்கு நடந்து உள்ளே வந்துவிடும். மாமரத்தடியில் வெட்டினால் நிழலாக இருக்குமே என்றார்கள் வீட்டில். விழுகிற இலையெல்லாம் குளத்திலேயே அழுகும், தாமரைக்கோ தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். அதனால் வெட்டவெளியில்தான் குளம். வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் மேலே கம்பி வலைச் சட்டமும் சேர்ந்தே தயாரானது. இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

குளம் கட்டி முடித்த அன்றே மீன் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச் சிமென்ட் தண்ணீரில் சுண்ணாம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காரத்தில் மீனின் செவுள் வெந்துபோகும். கொளத்தூர்க்காரர்களிடம் கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே வைத்தியம்தான்: வாழைத்தண்டு. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கே தெருவுக்குத் தெரு தொட்டி கட்டி மீன் பொரிக்க வைப்பவர்கள் தலைமுறையாக இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு மீன் தரும் கடைக்கார அண்ணன் கையை நீட்டி அளந்து காட்டினார். "இம்மாம் பெரிய தண்டா வெட்டி ரொப்பு சார். அழுவட்டும். நாத்தம் வரும், வரட்டும். எறச்சிட்டுத் திரும்ப ரொப்பு." அப்படியே செய்தேன். தண்டு அழுகி, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து, தெருவே மூக்கைப் பிடித்தது. இறைத்துக் கொட்டிவிட்டு, சுவரைத் தென்னை நார் போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்பி, பிஎச் தாள் எட்டுக்குக் கீழே காட்டும் வரை இதே வேலை. கடைசியாக நிரப்பிய தண்ணீரில் சுவரைத் தடவினால் லேசாக வழவழவென்று ஒரு பாசி ஆடை. அதைத் தொட்டபோது எனக்கு உண்டான புளகாங்கிதத்தை வெளியே சொல்ல முடியாது. சுவரில் பாசி பிடித்துவிட்டால் சிமென்டின் காரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் திறந்த குளத்தில் ஓரிரு நாள் வெயிலில் கிடந்தாலே போய்விடும். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும். போர் தண்ணீரில் பிராணவாயு குறைவு. குழாயை உயரமாகப் பிடித்து, சளசளவென்று விழ விட்டால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். குளம் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துகொண்டு போய்ப் புதுக் குளத்தில் ஊற்றுவார்கள். பழகிய தண்ணீர், மீனுக்கு நல்லது என்று நினைப்பு. பழகிய தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் ஸ்பான்ஜ் ஃபில்டரில் இருக்கிறது. தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லில், செடி வேரில் ஒட்டிய சேற்றில் இருக்கிறது. மீன் சாப்பிட்டு, செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அது விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம் வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம். நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழும். புதுக் குளத்தில் அவை தாமாக வந்து குடியேறிப் பெருக நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால்தான், "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார், மீன் மட்டும் ஒவ்வொண்ணா செத்துப்போச்சு" என்ற புலம்பல்.

பால் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஒரு கரண்டி பழைய தயிர் விழாமல் உறையாது அல்லவா? குளத்துக்கு அந்த உறைமோர்தான் அழுக்கு ஸ்பான்ஜ். மாடியில் வருடக்கணக்காக ஓடிய ஸ்பான்ஜ்களை, பழைய தண்ணீரிலேயே மூழ்கிய நிலையில் வாளியில் கொண்டுவந்து, கரை ஓரமாக உட்கார்ந்து, குளத்துக்குள் பிழிந்தேன். காபி டிகாஷன் நிறத்தில் கசடு இறங்கியது. புத்தம் புதுக் குளம், பளிங்குத் தண்ணீர், அதில் இந்த வேலை. வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினது அழுக்கைக் கரைக்கவா?"

ஆமாம். அதற்குத்தான். அந்தக் கலங்கல் மறுநாளே அடியில் படிந்துவிட்டது. பிழிந்த ஸ்பான்ஜ்களையும் அப்படியே புது மோட்டாரில் மாட்டி ஓடவிட்டேன். ஒரே நிபந்தனை: ஸ்பான்ஜ் காயக் கூடாது, குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. குளோரின் பட்டால் அத்தனை உயிரும் போய்விடும். மாடியிலிருந்து எதை மறந்தாலும் மறக்கலாம், இதை மறந்துவிடக் கூடாது. முதலில் ஸ்பான்ஜ், பிறகு செடி, கடைசியில்தான் மீன். இந்த வரிசையை மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செடி மாற்றியதை நினைத்தால் இப்போதும் உற்சாகம் பொங்குகிறது. தை பிறந்து பனி விலகும் நேரம் அதற்குத் தோதானது. தாமரை குளிர் காலத்தில் இலையைச் சுருக்கிக்கொண்டு கிழங்குக்குள் அடங்கியிருக்கும். மாசி வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும். டப்பைக் கவிழ்த்துச் சேற்றைக் கையால் கரைத்துக் கரைத்துத்தான் கிழங்கை எடுக்க வேண்டும். மண்வெட்டி, கரண்டி எதுவும் ஆகாது. தந்த நிறத்தில், கணுக்கணுவாக, நுனியில் கூர்மையான ஒரு முளை. அந்த முளைதான் உயிர். அது ஒடிந்தால் அடுத்த கணு மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓட்டை இல்லாத அகலமான பேசினில், அடியில் காய்ந்த சாண எருவும் எலும்புத்தூளும் கொஞ்சம், அதன் மேல் ஏரி வண்டல். கிழங்கைப் படுக்கவைத்து, முளை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி புதைத்து, மிதந்துவிடாமல் ஒரு கல்லை வைத்தேன். முதலில் தண்ணீர் மேல் படுக்கும் சின்னச் சின்ன வட்ட இலை வரும். பிறகு ஒருநாள் சுருட்டிய இலை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அன்றைக்குக் காலையில் நான் ஆபீஸுக்குத் தாமதமாகப் போனேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அல்லிக்கு இத்தனை சோதனை கிடையாது. பழைய இலைகளையெல்லாம் கிள்ளிவிட்டு, குருத்தோடு இரண்டு மூன்றை மட்டும் வைத்து நட்டால் கிடுகிடுவென்று வந்துவிடும். ஆனால் தொட்டியை எடுத்ததும் அடியாழத்தில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது. செங்கல் அடுக்கி, அதன் மேல் வைத்து, இலை நீர்மட்டத்தைத் தொட்ட பிறகு ஒவ்வொரு கல்லாக உருவ வேண்டும். என்னிடம் இரண்டு வகை. நீல அல்லி காலையில் மலர்ந்து மாலையில் மூடும். வெள்ளை ஆம்பல் இரவில் மலர்ந்து, காலை வெயில் ஏறியதும் கூம்பிவிடும். ஆக எங்கள் குளத்தில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று பூத்திருக்கிறது. வேலைக்குப் போய்வருகிற ஆளுக்கு ஆம்பல்தான் சரியான துணை. நீல அல்லியின் அழகெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

குளத்தில் இறக்கும் முன் ஒவ்வொரு செடியையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி அலசினேன். ஹைட்ரில்லா போன்ற மெல்லிய செடி என்றால் முக்கியதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகும். அல்லி இலையைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடிக் கூழில் பதித்த மாதிரி நத்தை முட்டைகள். அதற்கு மருந்தை நம்பாமல் கட்டைவிரலால் வழித்து எறிவதே மேல்.

திண்ணையில் வல்லாரை, வசம்பு, ஆரைக்கீரை. ஆரைக்கீரையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வயல் வரப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத செடி. நாலு இதழாகப் பிரிந்த இலை. இருட்டியதும் நாலையும் மேல்நோக்கி மடித்துக் கூப்பிக்கொண்டு உறங்குகிறது, விடிந்ததும் விரிக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் வெளிநாட்டு நீர்ச்செடி எதுவும் இந்த வேடிக்கையைக் காட்டி நான் பார்த்ததில்லை. கடையவும் செய்யலாம், வல்லாரையைத் துவையலும் அரைக்கலாம். குளத்துச் செலவில் கொஞ்சம் இப்படி வசூலாகிறது என்று வீட்டில் கணக்குக் காட்டியிருக்கிறேன்.

வெங்காயத்தாமரையை மட்டும் வாசலுக்குள்ளேயே விடவில்லை. ஊதாப்பூவைப் பார்த்து மயங்காதவர் இல்லை, எனக்கும் தெரியும். அமேசான் பக்கத்திலிருந்து வந்த அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நம் ஏரிகள் படும் பாடு போதாதா?

செடிகள் வேர் பிடித்து, அல்லி புது இலை விட ஆரம்பித்த பிறகும் மீனைக் கொண்டுவரவில்லை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்பேன். மஞ்சளாகவே நின்றால் நிம்மதி. பச்சைக்குத் திரும்பினால் இன்னும் பொறு என்று பொருள். அவசரம் தாங்காமல் முதல் தவணையாக இரண்டு கருப்பு மோலியை மட்டும் விட்டுவைத்தேன். மோலி தாக்குப்பிடிக்கும் மீன். அது போடும் கழிவு பாக்டீரியாவுக்குத் தீனி. சொட்டு மருந்து மஞ்சளிலேயே நின்றது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மீன் மாற்றும் நாளுக்கு முந்தின நாள் தீனி கிடையாது. வயிறு காலியாக இருந்தால் வாளித் தண்ணீர் கெடாது. விடியற்காலையில் தொடங்கினோம். மாடித் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது அந்த நேரத்தில்தான். வலையைத் தூக்கிக்கொண்டு மீனைத் துரத்தினால் மீனும் மிரளும், செதிலும் உதிரும். தண்ணீரைக் குறைத்துவிட்டால் மீன் தானாகக் கைக்கு வரும். டியூப் போட்டு ஃபிரிட்ஜ் பெட்டியைச் சாண் ஆழத்துக்கு வடித்தோம். வடித்த தண்ணீர் அத்தனையும் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போனது. நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீருக்குக் கறிவேப்பிலை கொழுந்து விட்டதை அடுத்த மாதம் சாம்பாரில் தெரிந்துகொண்டோம். கப்பிகளை மக்கில் மொண்டோம். கோல்டு ஃபிஷ்ஷை ஒரு பேசினைத் தண்ணீரோடு அடியில் நுழைத்துத் தூக்கினோம். உடம்பின் மேல் இருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம்; வலையில் உரசினால் அது போய்விடும். பாதி வாளித் தண்ணீர், மேலே ஈரத் துண்டு. மூடாவிட்டால் படிக்கட்டிலேயே துள்ளி விழும்.

ஒருவர் பின் ஒருவராக வாளியோடு மாடிப்படி இறங்கினோம். கீழே வந்து துண்டை விலக்கினால் ஒரு வாளியில் அடியோரமாக மிளகுப் பொடி தூவினாற்போல் கருப்பாக ஏதோ ஊர்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். கண்ணும் வாலுமாகக் குட்டிகள்! இறங்கி வரும் வழியிலேயே ஒரு மோலி பிரசவித்திருக்கிறது. நிறைமாதக் குட்டிபோடும் மீன்கள் அதிர்ச்சியில் இப்படிச் செய்வதுண்டு என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தபோது கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னாச்சு தம்பி, பாம்பா?" என்றார். "குட்டிக்கா, குட்டி!" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. குட்டிகளைத் தனியே மொண்டு ஹைட்ரில்லா அடர்ந்த மூலையில் விட்டோம். திறந்த வெளியில் விட்டால் கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பலகாரம் ஆகிவிடும்.

வாளியைக் கரையோரம் நிறுத்தி, குளத்துத் தண்ணீரை ஒவ்வொரு மக்காக ஊற்றிக்கொண்டே அரை மணி நேரம். கடையிலிருந்து ஆக்சிஜன் பிடித்த கவரில் வரும் மீன் என்றால் கதை வேறு. முதலில் கவரைப் பிரிக்காமலே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்ய வேண்டும். நீண்ட பயணத்தில் கவருக்குள் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். பிரித்த நொடியிலிருந்து வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியாவின் விஷமும் கூடவே ஏறும். அதனால் பிரித்த பிறகு நிதானம் காட்டக் கூடாது. கவர்த் தண்ணீரைக் குளத்தில் கொட்டவும் கூடாது.

கடைசியில் வாளியைச் சாய்த்துப் பிடித்தேன். கொட்டவில்லை, வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, தானாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் கப்பி விளிம்பு வரை வந்து, நின்று, பின்வாங்கி, மறுபடி வந்து, சட்டென்று போயே போய்விட்டது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும். கொஞ்ச நேரத்துக்குக் குளத்தில் மீன் இருக்கும் சுவடே இல்லை. பிறகுதான் அந்தக் காமெட்டின் ஓட்டம்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. வெள்ளைப் பெட்டியில் வெளிறிக் கிடந்த மீன்கள், இருண்ட அடித்தரையும் செடி நிழலும் கண்டதும் நிறம் ஏற ஆரம்பித்தன. சுற்றுப்புறம் இருண்டால் மீன் தோலிலிருக்கும் நிறமி விரிந்துகொள்ளும். ஆரஞ்சு என்று நான் நினைத்திருந்தது செம்பருத்திச் சிவப்பு. கப்பியின் வாலில் கருநீலக் கோடு இருப்பதே அதுவரை தெரியாது. இத்தனை காலம் என் மீன்களை நான் பாதி நிறத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஒரு கட்டத்தில் பச்சையாகும். ஆகியே தீரும். பதறிக்கொண்டு குளத்தை இறைத்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டும். அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசிக்கு வெயில் கிடைக்காமல் தானாகத் தெளிந்துவிட்டது. கொசுப்புழு பெயருக்குக்கூட இல்லை, கப்பிகள் விடுவதில்லை. அழைப்பில்லாமல் வந்த விருந்தாளிகள்தான் ஏராளம். தட்டான்கள் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகின்றன. மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்பேர்ப்பட்ட பயணி எங்கள் வசம்பில் வந்து உட்காருகிறது என்றால் எனக்குக் கொஞ்சம் கர்வம் வராதா? மடையானும் வந்தது. மண் நிறத்தில் கல்லாகச் சமைந்து நிற்கும். பறந்தால்தான் வெள்ளை இறக்கை தெரியும். செங்குத்துச் சுவரும் கம்பி வலையும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. தண்ணீர்ப்பாம்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு விஷமில்லை என்று வீட்டில் சொல்லிப் புரியவைப்பதுதான் குளம் வெட்டியதைவிடப் பெரிய வேலை.

குளம் வெட்டும் ஆசை உள்ளவர்கள் மார்கழியிலேயே மேஸ்திரியைப் பிடித்துவிடுங்கள். சித்திரை வெயில் தொடங்குவதற்குள் மீன் இறங்கிவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் உபரித் தண்ணீர் வெளியேற வலை கட்டிய ஒரு குழாய் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மீன் சாக்கடைக்குப் போகும்.

கூடவே ஒரு வேண்டுகோள். கப்பியும் மோலியும் கட்டுக்கடங்காமல் பெருகும், செடிகளும் அப்படித்தான். மிஞ்சியதை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று யாரோ விட்ட டேங்க் கிளீனர் மீன்தான் இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலை போடும் மீனவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.